கடைக் கம்ப்யூட்டரில் அட்மின் யார் கையில் இருக்கட்டும்?

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கெடு நெருங்கும் நவம்பர் மாதத்தில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பாபநாசம் என்று டெல்டாவின் எந்த ஊர் ஆன்லைன் கடையிலும் ஒரே காட்சிதான். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று காகிதக் கட்டோடு வரிசை வாசல்படி தாண்டி நிற்கும். உள்ளே இருப்பது ஒன்றோ இரண்டோ கம்ப்யூட்டர். காலையில் கடைத் தம்பி, மதியத்துக்கு மேல் பகுதி நேரமாக வரும் பெண், கூட்டம் அதிகமானால் முதலாளி, கடை அடைத்த பிறகு கேம் விளையாட முதலாளி மகன். நால்வரும் உட்காருவது ஒரே யூசர் கணக்கில். அதற்குப் பாஸ்வேர்டு இருக்காது. இருந்தால் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். விண்டோஸ் போட்ட அன்றைக்கு முதலில் உருவான கணக்கு அது. முதல் கணக்கு எப்போதும் அட்மின்தான் என்பதால், அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் மெஷின் முழுக்க அவர் கையில்.

இதை இப்படியே விடலாமா, பிரிக்கலாமா, பிரித்தால் எப்படி? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அட்மினுக்கு ஒரு தனிக் கணக்கு, அன்றாட வேலைக்கு முதலாளி உட்பட எல்லாருக்கும் சாதாரண கணக்கு. ஆனால் எல்லாக் கடைக்கும் இது அப்படியே பொருந்திவிடாது. இதனால் வரும் தொல்லைகளும் கொஞ்சநஞ்சமல்ல. அவற்றைச் சொல்லாமல் "பிரித்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னால், ஒரே வாரத்தில் பழையபடி எல்லாரையும் அட்மின் ஆக்கிவிடுவார்கள்.

விண்டோஸில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு நிலைகள்: அட்மினிஸ்ட்ரேட்டர் (அட்மின்), ஸ்டாண்டர்டு யூசர் (சாதாரண கணக்கு). இரண்டுக்கும் மேலே சிஸ்டம் என்று ஒன்று உண்டு. அதில் ஆள் உட்காருவதில்லை, சர்வீஸ்கள் எனப்படும் பின்னணிப் புரோகிராம்கள்தான் ஓடும். வயல் மடையை விவசாயி திறந்து மூடிக்கொள்ளலாம், ஆற்றுத் தலைப்பு ஷட்டரின் சாவி மட்டும் மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம் இருக்கும் அல்லவா, அந்த மாதிரி ஏற்பாடுதான் இது. சாதாரண கணக்கில் பிரவுசர் திறக்கலாம், ஸ்கேன் எடுக்கலாம், பிரின்ட் போடலாம், டைப் அடிக்கலாம். எல்லாருக்கும் பொதுவாக மென்பொருள் நிறுவுவது, பிரின்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர் போடுவது, ஆன்டிவைரஸை நிறுத்துவது, அடுத்தவர் ஃபோல்டரைத் திறப்பது, கணினிக் கடிகாரத்தைத் திருத்துவது, இவை முடியாது.

எல்லாரும் அட்மின் என்ற பழக்கம் எக்ஸ்பி காலத்துச் சொத்து. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவும்போது உருவாக்கிய கணக்குகள் எல்லாமே அட்மின் கணக்குகளாகத்தான் பிறந்தன. பென் டிரைவைச் செருகினாலே வைரஸ் தானாக ஓடிய காலம் அது. ஓடியது அட்மின் அதிகாரத்தோடு. 2007-இல் அடுத்த விண்டோஸான விஸ்டா வந்தபோது அந்த இருட்டுத் திரையும் "அனுமதிக்கிறீர்களா?" என்ற கேள்வியும் வந்தன. யூ.ஏ.சி. (யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல்) என்பது அதுதான்.

முதல் வழி: இருப்பது இருக்கட்டும்

ஒரே அட்மின் கணக்கு, எல்லாருக்கும் அதுவே. இதில் ஒரு நியாயம் உண்டு. வரிசையில் இருபது பேர் நிற்கும்போது பிரின்டர் டிரைவர் போட முதலாளியைத் தேடி ஓட வேண்டாம். முதலாளி கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தாலும் கடை ஓடும்.

யூ.ஏ.சி. இருக்கிறதே, அது காப்பாற்றாதா? பாதி காப்பாற்றும். அட்மின் கணக்கில் உள்ளே நுழைந்தாலும் விண்டோஸ் உங்களுக்கு இரண்டு அடையாளச் சீட்டு தயாரிக்கிறது. ஒன்று அதிகாரம் குறைத்தது, மற்றது முழு அதிகாரம் உள்ளது. சாதாரணமாக எல்லாம் முதல் சீட்டில்தான் ஓடும். ஏதாவது ஒரு புரோகிராம் பெரிய வேலை கேட்டால் திரை மங்கி, கேள்வி வரும். "ஆம்" அழுத்தினால் முழுச் சீட்டு அதற்குப் போய்விடும். அந்த ஒரு கிளிக்தான் மொத்தப் பாதுகாப்பும். யார் வெளியிட்டது என்று தெரியாத புரோகிராமுக்கு மேல்பட்டை மஞ்சளாக வரும். அவசரத்தில் இருக்கும் கை நிறம் பார்க்காது. கூட்ட நேரத்தில் ஒரு கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்: கேள்வி வரும் முன்பே மவுஸ் "ஆம்" இருக்கும் இடத்துக்குப் போய்க் காத்திருக்கும்.

மைக்ரோசாஃப்டே யூ.ஏ.சி.யைப் பாதுகாப்பு எல்லை என்று கணக்கில் வைப்பதில்லை. விண்டோஸ் 7 முதல் அந்த அமைப்பில் நான்கு படி வைத்தார்கள். வழக்கமாக வரும், மேலிருந்து இரண்டாவது படியில், விண்டோஸின் சொந்தப் புரோகிராம்கள் சில கேள்வி கேட்காமலே மேலே ஏறிக்கொள்ளும். கெட்ட புரோகிராம்கள் அவற்றின் முதுகில் ஏறிக்கொள்ளும் வித்தை பல ஆண்டுகளாக நடக்கிறது. ஆகவே இந்த வழியில்தான் இருப்பேன் என்பவர், குறைந்தபட்சம் யூ.ஏ.சி. அமைப்பின் ஸ்லைடரை உச்சிக்கு, "எப்போதும் கேள்" என்ற இடத்துக்கு ஏற்றி வையுங்கள். "தொல்லை வேண்டாம்" என்று சர்வீஸ்காரர் அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருப்பார். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு ஓட்டை, யாரும் நினைத்துப் பார்க்காதது. டெல்டாவில் கரண்ட் போவது புதிதல்ல. ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். யூ.பி.எஸ். பேட்டரி செத்த மெஷின் லாகின் ஆகும் நேரத்தில் அணைந்தால், அந்த யூசரின் புரொஃபைல் (அவருடைய டெஸ்க்டாப், ஃபைல்கள், அமைப்புகள் இருக்கும் இடம்) கெட்டுப்போக வாய்ப்புண்டு. மறுநாள் டெஸ்க்டாப் காலியாக, தற்காலிக புரொஃபைல் என்ற அறிவிப்போடு வரும். வேறு அட்மின் கணக்கு இருந்தால் அதில் நுழைந்து, புதிய யூசர் உருவாக்கி, பழைய ஃபைல்களை நகலெடுத்துக்கொண்டு அரை மணியில் கடையைத் திறந்துவிடலாம். இருப்பதே ஒரு கணக்குதான் என்றால் சர்வீஸ்காரருக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டாம் வழி: அட்மின் தனி, வேலை தனி

அட்மின் கணக்கு ஒன்று. அதில் யாரும் அன்றாடம் உட்காருவதில்லை. மற்றவர்களுக்கு ஸ்டாண்டர்டு கணக்கு. இப்போது பெரிய வேலை கேட்கும் புரோகிராம் வந்தால் "ஆம்" மட்டும் போதாது. அட்மின் பாஸ்வேர்டு அடிக்க வேண்டும். கைப்பழக்கம் இங்கே தடுக்கி நிற்கிறது. அட்மின் கணக்குக்குப் பாஸ்வேர்டே வைக்காமல் இதைச் செய்தால் வெறும் அலங்காரம்தான். காலியாக விட்டு "ஆம்" அழுத்தினாலே வேலை முடிந்துவிடும்.

சரி, தொல்லைகளுக்கு வருவோம்.

முதலாவது கடிகாரம். சின்ன விஷயம்போலத் தெரியும், கடைகளில் அதிகம் கடுப்பேற்றுவது இதுதான். பழைய மெஷின்களில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும். ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் போனால் காலையில் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். உடனே எந்த அரசு இணையதளமும் திறக்காது. சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் அடம்பிடிக்கும். ஸ்டாண்டர்டு கணக்கில் நேரத்தைத் திருத்த முடியாது. இணையத்தைப் பார்த்துத் தானாகச் சரிசெய்து கொள்ளாதா என்றால், வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் வீட்டு, கடை மெஷின்களில் விண்டோஸ் வழக்கமாக அதை நம்பாமல் விட்டுவிடும். இதற்காகத் தம்பிக்கு அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். 2032 நம்பர் பட்டன் செல் ஒன்று வாங்கி மாற்றுங்கள், டீச் செலவுதான்.

அடுத்து டி.டி.பி. வேலை. பத்திரிகை, ஃப்ளெக்ஸ், கோயில் நோட்டீஸ் அடிக்கும் கடைகளில் பழைய மென்பொருள்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவை எழுதப்பட்ட காலத்தில் தன் அமைப்பு ஃபைல்களைப் புரோகிராம் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டர் உள்ளேயே எழுதுவது சகஜம். ஸ்டாண்டர்டு கணக்கில் அந்த இடத்தில் எழுத அனுமதி இல்லை. அதனால் மென்பொருள் திறக்காது, அல்லது திறந்து விநோதமாக நடக்கும். உடனே எல்லாரும் சொல்லும் வைத்தியம் "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்". தேவையில்லை. அட்மினில் நுழைந்து, அந்த மென்பொருளின் ஃபோல்டரை மட்டும் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் யூசர்ஸ் குழுவுக்கு மாடிஃபை (திருத்தும்) அனுமதி கொடுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். ஃபான்ட் பிரச்சினை முன்பு பெரிதாக இருந்தது. வாடிக்கையாளர் புது ஃபான்டைக் கொண்டு வந்தால் ஒவ்வொரு தடவையும் அட்மின் தேவை. 2018 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து ஒருவர் தன் கணக்குக்கு மட்டும் ஃபான்ட் போட்டுக்கொள்ளலாம். ஆனால் பழைய மென்பொருள்கள் சில அப்படிப் போட்ட ஃபான்டைக் கண்டுகொள்ளாது. நிறைய பயன்படும் பாமினி வகை ஃபான்டுகளை அட்மின் மூலம் எல்லாருக்குமாகப் போட்டு வைப்பதே நல்லது.

மூன்றாவது கொஞ்சம் குழப்பமானது. ஸ்டாண்டர்டு கணக்கில் இருந்துகொண்டு அட்மின் பாஸ்வேர்டு கொடுத்து ஒன்றை நிறுவும்போது, அந்த நிறுவி ஓடுவது அட்மின் என்ற வேறொரு ஆளாக. தமிழ்த் தட்டச்சு மென்பொருள் போட்டீர்கள் என்று வையுங்கள். தமிழ் 99 விசைப்பலகைத் தேர்வு, ஷார்ட்கட், தானாகத் தொடங்கும் அமைப்பு எல்லாம் அட்மினின் புரொஃபைலில் போய் உட்கார்ந்துவிடலாம். தம்பியின் டெஸ்க்டாப்பில் ஒன்றும் தெரியாது. நிறுவும்போது "எல்லா யூசர்களுக்கும்" என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நிறுவியபின் அமைப்புகளை அந்தந்தக் கணக்கில் நுழைந்து செய்துகொள்ள வேண்டும்.

பிரின்டர் விஷயத்தில் 2021 ஆகஸ்ட்டுக்குப் பிறகு ஒரு மாற்றம். பிரின்ட் சர்வீஸில் வெளியான பெரிய ஓட்டைக்குப் பிறகு, வேறொரு கம்ப்யூட்டரில் பகிர்ந்திருக்கும் பிரின்டருக்கு டிரைவர் இழுக்க அட்மின் வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஒருமுறை போட்டுக் கொடுத்தால் போதும், அப்புறம் கேட்காது. ஆதார் கைரேகைக் கருவியும் இப்படியே: அதை இயக்கும் ஆர்.டி. (ரிஜிஸ்டர்டு டிவைஸ்) சர்வீஸை நிறுவ அட்மின் தேவை. நிறுவியபின் அது பின்னணியில் சர்வீஸாக ஓடுவதால் சாதாரண கணக்கில் விரல் வைக்கத் தடை இல்லை.

இத்தனை பாடும் பட்டபின் கிடைப்பது என்ன? ஆன்டிவைரஸை எந்த "இலவச கன்வெர்ட்டரும்" சத்தமில்லாமல் நிறுத்த முடியாது. ஒரு கணக்கில் ஒட்டிக்கொண்ட குப்பை பெரும்பாலும் அந்தக் கணக்கோடு நிற்கும். அதே நேரம் கிடைக்காததையும் சொல்ல வேண்டும். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் ஸ்டாண்டர்டு கணக்கு உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றாது. நீங்கள் திருத்தக்கூடிய ஃபைலை உங்கள் பெயரில் ஓடும் புரோகிராமும் பூட்டலாம். விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் நிழல் பிரதிகளை (ஃபைல்களின் பழைய நகல்களை) அழிக்க மட்டும் அதற்கு அட்மின் தேவைப்படும். 2017 மே மாதம் உலகத்தை ஆட்டிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் நெட்வொர்க் ஓட்டை வழியாக நேரே சிஸ்டம் அதிகாரத்தில் நுழைந்தது. அங்கே யார் அட்மின் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதைத் தடுத்திருக்கக்கூடியது அப்டேட். அக்டோபர் 2025-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்பதை இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதார் நகல் எங்கே கிடக்கிறது?

வைரஸைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு காப்பீட்டு சீசன் முடிந்தபின் கடை மெஷினின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் சுற்றுவட்டாரத்துப் பட்டா எண்கள், ஆதார், வங்கிக் கணக்கு எண்கள் எல்லாம் ஸ்கேனாகக் கிடக்கும். அடுத்து உட்காரும் யாரும் பார்க்கலாம். தனித்தனிக் கணக்கு இருந்தால் ஒருவரின் டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் அடுத்த ஸ்டாண்டர்டு யூசருக்குத் திறக்காது. ஆகவே வேலையாட்களுக்குப் பொதுவாக ஒரு ஸ்டாண்டர்டு கணக்கு போதுமா, ஆளுக்கொன்றா என்ற கேள்விக்கு என் பதில், ஆளுக்கொன்று.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. நம் ஊரில் "சி டிரைவ் ஃபுல் ஆகிடும், எல்லாத்தையும் டி-யில் போடு" என்பது வேதவாக்கு. விண்டோஸில் புதிதாக ஃபார்மட் செய்த டி டிரைவின் வழக்கமான அனுமதி, கணக்கு உள்ள எவரும் படிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம் என்பதுதான். கணக்குகளை அழகாகப் பிரித்துவிட்டு ஃபைல்களை டி-யில் கொட்டினால் பிரித்ததற்கு அர்த்தமே இல்லை. பென் டிரைவ் பற்றிப் பேசவே வேண்டாம். வழக்கமாக அதில் இருக்கும் ஃபார்மட்டில் உரிமையாளர் என்ற விவரமே கிடையாது.

அட்மினிடமிருந்து மறைவு கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்தவர் ஃபோல்டரை அட்மின் திறந்தால் "அனுமதி இல்லை, தொடரவா?" என்று கேட்கும். தொடர் என்று அழுத்தினால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் அல்ல, நிரந்தரமாக அனுமதி எழுதப்பட்டுவிடும்.

உரக்கடை, நெல் மண்டி, ரைஸ் மில் ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கணக்கு எழுதும் மென்பொருளான டேலியின் டேட்டா வழக்கமாக பப்ளிக் ஃபோல்டரில் இருக்கும். எந்த யூசரும் அங்கே போகலாம். டேலிக்குள்ளேயே தனி யூசர், தனி அனுமதி வைக்கும் வசதி இருக்கிறது, அதை வையுங்கள். பில்லைத் திருத்துவதை அது தடுக்கும். ஃபோல்டரையே அழிப்பதைத் தடுக்காது. அதற்குப் பேக்கப்தான் மருந்து.

மூன்றாம் வழி: வந்து போகிறவர்களுக்கு

வாடிக்கையாளரே உட்கார்ந்து டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் நிரப்பும் மெஷின் என்றால் கேள்வி வேறு. அங்கே தேவை, அவர் எழுந்ததும் எல்லாம் துடைக்கப்படுவது. பழைய விண்டோஸில் இருந்த கெஸ்ட் கணக்கை விண்டோஸ் 10-இலிருந்து பயன்படுத்த முடியாதபடி ஆக்கிவிட்டார்கள். புரோ பதிப்பில் கியோஸ்க் அமைப்பு உண்டு: பிரவுசர் மட்டும் திறக்கும், ஆள் எழுந்து போனால் தானாக அழித்துக்கொள்ளும். ஹோம் பதிப்பில் அது இல்லை. அப்போது ஒரு ஸ்டாண்டர்டு கணக்கில் குரோமின் கெஸ்ட் விண்டோவைத் திறந்து கொடுக்கலாம். லாகின், ஹிஸ்டரி எல்லாம் மூடியதும் போய்விடும். டவுன்லோட் ஆன ஃபைல்கள் மட்டும் போகாது; சாயங்காலம் கடை மூடும்போது கையால் அழிக்க வேண்டும். மேக் வைத்திருப்பவர்களுக்கு கெஸ்ட் வசதி கூடவே வருகிறது, வெளியேறினால் அழிந்துவிடும். நம் பக்கத்துக் கடைகளில் மேக் அபூர்வம் என்பதால் அதோடு விடுகிறேன்.

நான்காம் வழி: லினக்ஸ்

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸின் உபுண்டு, மின்ட் போன்ற வகைகளில் இந்தப் பிரிவினை பிறப்பிலேயே இருக்கிறது. ரூட் என்ற முழு அதிகாரியின் கணக்கில் நேரடியாக நுழைய முடியாதபடி வைத்திருப்பார்கள். நிறுவும்போது உருவாகும் முதல் யூசர், தன் சொந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்து சூடோ என்ற கட்டளை மூலம் அந்த அதிகாரத்தைக் கொஞ்ச நேரத்துக்கு வாங்கிக்கொள்வார். உபுண்டுவில் வழக்கமாக 15 நிமிடம் வரை திரும்பக் கேட்காது. யார், எப்போது, என்ன கட்டளை கொடுத்தார் என்பது பதிவேட்டில் விழும். அடுத்தடுத்து சேர்க்கும் யூசர்களுக்கு நாமாகக் கொடுத்தாலொழிய அந்த உரிமை இல்லை. வாடிக்கையாளர் மெஷினுக்கு மின்ட் அருமையாகப் பொருந்தும்: லாகின் அமைப்பில் கெஸ்ட் செஷனை இயக்கி விட்டால், வெளியேறியதும் டவுன்லோட் உட்பட எல்லாம் காணாமல் போகும். தமிழ் 99 அதிலும் உண்டு.

உபுண்டுவில் ஒரு பழைய குறை: 21.04 பதிப்புக்கு முன் ஒருவரின் ஹோம் ஃபோல்டரை அதே மெஷினின் மற்ற யூசர்கள் படிக்க முடிந்தது. அதற்கு முன் நிறுவிய மெஷின் என்றால் அந்த அனுமதி அப்படியே தொடர்ந்திருக்கலாம், பார்த்து மாற்றுங்கள். பெரிய தடை வேறு. டேலி லினக்ஸுக்கு வருவதில்லை. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகியவற்றின் மென்பொருளும் பெரும்பாலும் விண்டோஸை மனதில் வைத்தே எழுதப்படுபவை. அதனால் கவுன்டருக்கு உள்ளே இருக்கும் மெஷினுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

எந்தக் கடைக்கு எது?

ஒரே மெஷின், இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் ஆன்லைன் கடைக்கு இரண்டாம் வழிதான். ஆளுக்கொரு கணக்கு, டி டிரைவில் வாடிக்கையாளர் ஃபைல் வைப்பதில்லை. கூடுதலாக ஒரு பழைய மெஷின் சும்மா கிடந்தால் அதில் மின்ட் போட்டு வாடிக்கையாளருக்குக் கொடுங்கள். முதலாளி ஒருவரே உட்காரும் டி.டி.பி. கடைக்கு, பழைய மென்பொருள் ஃபோல்டர் அனுமதியிலும் அடங்காவிட்டால், முதல் வழியில் யூ.ஏ.சி.யை உச்சியில் வைத்து ஓட்டலாம். அப்போதும் அவசரத்துக்கு இன்னொரு அட்மின் கணக்கு இருக்கட்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் பிள்ளைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இரண்டாம் வழி.

மாற்றும்போது வரிசை முக்கியம். இருக்கும் கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்காதீர்கள். டெஸ்க்டாப்பும் சேமித்த பாஸ்வேர்டுகளும் போய்விடும். முதலில் புதிதாக ஒரு கணக்கு உருவாக்கி அதை அட்மின் ஆக்குங்கள், பாஸ்வேர்டு வையுங்கள். வெளியே வந்து, அந்தப் புதுக் கணக்கில் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். அதன்பின் அந்தக் கணக்கில் இருந்தபடியே பழைய கணக்கை ஸ்டாண்டர்டாக இறக்குங்கள். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, கடை லைசென்ஸ் இருக்கும் கவரில் வையுங்கள். முதலாளி ஊரில் இல்லாத நாளில் யார் அந்தக் கவரைத் திறக்கலாம் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.

அதோடு ஒன்று: அட்மின் கணக்கு யாருடைய மெயிலில் இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் 11 ஹோம் நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். அவசரத்துக்கு சர்வீஸ்காரர் தன் மெயிலையே போட்டுவிட்டுப் போவது நடக்கிறது. அந்த மெஷினில் டிஸ்க் குறியாக்கம் (சாவி இல்லாமல் டிஸ்கைப் படிக்க முடியாதபடி பூட்டுவது) தானாக இயங்கியிருந்தால் மீட்புச் சாவி போய்ச் சேர்ந்திருப்பது அவருடைய கணக்கில். என்றைக்காவது நீலத் திரையில் அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்டால், அவர் போனை எடுத்தால்தான் உண்டு. மெயிலை உங்களுடையதாக மாற்றி, சாவியை அச்சிட்டு அதே கவரில் போடுங்கள். இத்தனையையும் காப்பீட்டு வாரத்தில் செய்ய வேண்டாம். அறுவடை முடிந்து, கடை ஈயோட்டும் மாசி, பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்து, திங்கள்கிழமை தம்பியின் கணக்கிலிருந்தே ஸ்கேன், பிரின்ட், கைரேகை, தமிழ்த் தட்டச்சு நான்கையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.